தனியார் மருத்துவமனைக் கட்டணம்: சட்டம் கூறுவது என்ன?

தனியார் மருத்துவமனைகள், பரிசோதனைக் கூடங்கள் உள்ளிட்டவற்றின் பதிவைக் கட்டாயமாக்கும் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2010-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2012 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், பேரவைத் தீர்மானம் மூலம் ஏற்ற மாநிலங்களுக்கே இது பொருந்தும்.

நோயாளிகளுக்கு முக்கியமானது 2012-ஆம் ஆண்டு விதிகளின் 9-ஆவது விதி. இதன்படி, சேவைக் கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். மாநிலங்களுடன் ஆலோசித்து மத்திய அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் அக்கட்டணங்கள் இருக்க வேண்டும்.

பலகை வைப்பது எளிது, வரம்புதான் சிக்கல். பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அது நிர்ணயிக்கப்படாததற்கு 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதிருப்தி தெரிவித்தது. மாநிலங்களிடமிருந்து பதில் வரவில்லை என்று மத்திய அரசுத் தரப்பு விளக்கியது. கடிதம் எழுதியதாகக் கூறி மட்டும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது என நீதிமன்றம் குறிப்பிட்டது.