‘நம்பிக்கையன்று, அறிவு’: சயன்ரோலொஜியும் இலங்கைப் பௌத்த நவீனவாதமும்

தம் மதம் ஏனைய மதங்களினின்றும் வேறுபட்டது என்று ஒரு மதத்தார் கூறுவதிற் புதுமை எதுவுமில்லை. எல்லா மதத்தாரும் அவ்வாறே கூறுவர். ஆயின், ‘எமது நெறி மதமே அன்று, அது அறிவு, விஞ்ஞானம்’ என்று கூறும் வழக்கு வரலாற்றிலே மிகப் பிற்பட்டது. விஞ்ஞானத்துக்குச் சமூக மதிப்பு ஏற்பட்ட பின்னரே, அதாவது கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்திய முதலாளித்துவ உலகிலேயே, அத்தகைய கூற்றுக்கு இடமுண்டு. அதனை அதன் முழு வளர்ச்சியிற் காண விரும்புவோர் 1950களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தோன்றிய சயன்ரோலொஜியை நோக்குவர். அதன் முன்மாதிரியை நோக்க விரும்புவோர் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. வானம் தெளிந்த நாளில் இரத்தினபுரியிலிருந்து காணத்தக்க சிவனொளிபாத மலையின் தலைமைத் தேரராயிருந்த ஒருவர் வழங்கிய சான்றிதழ் அதற்குப் போதுமானது.

முதலிலே சயன்ரோலொஜியின் வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். அதனைத் தோற்றுவித்த எல். ரொன் ஹபார்ட் (1911–1986) மலிவுச் சஞ்சிகைகளில் விஞ்ஞானப் புனைகதைகள் எழுதிவந்தவர். ‘டயனெற்றிக்ஸ்’ எனத் தாம் பெயரிட்ட உளச்சிகிச்சை முறையைப் பற்றிய அவரது கட்டுரை 1950 மே மாதத்தில் அத்தகைய சஞ்சிகை ஒன்றிலேயே வெளிவந்தது. நூலும் அதே மாதம் வெளிவந்தது. அப்பொழுது அது மதம் என்று கூறப்படவில்லை. உள்ளத்தின் விஞ்ஞானம் என்றே விற்பனையாயிற்று. மருத்துவர்கள் அதனை எதிர்த்தனர். அதனைப் பரப்ப அமைந்த நிறுவனம் கடன்பட்டு 1952இல் நொடித்தது. 1953 டிசம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் ‘சயன்ரோலொஜித் திருச்சபை’ பதிவாயிற்று. உளச்சிகிச்சை மதமாகியது இவ்வாறே.

இந்நெறியினர் தமக்கும் ஏனைய மதங்களுக்கும் இடையே காணும் வேறுபாடு யாது? மனிதன் உடலுமல்லன், மனமுமல்லன். ‘தீற்றன்’ எனப்படும் அழிவற்ற உயிர் என்பர். பிறவிதோறும் பட்ட வடுக்கள் உள்ளத்திற் பதிந்து அதனைத் தளைப்படுத்துகின்றன. பயிற்சி பெற்ற ஒருவர் வினாக்கள் தொடுத்து அவ்வடுக்களை வெளிக்கொணர, உயிர் படிப்படியாக விடுதலை எய்தும் என்பர். இதுவரையில் இந்திய மரபறிந்தார்க்கு வியப்பேதுமில்லை. வினையும் மறுபிறப்பும் வேறு பெயரில் வந்துள்ளன என்றே கொள்வர். ஆனால் இந்நெறியினர் வற்புறுத்துவது இக்கோட்பாட்டையன்று, அதனை அடையும் முறையையே. எதனையும் நம்பவேண்டுமென்று தாம் எவரையும் கேட்பதில்லை, செய்து பார்த்துத் தமக்கு உண்மையெனக் கண்டதை மட்டும் ஏற்கலாம் என்பது அவர்தம் வாதம். கடவுளைப் பற்றித் திட்டவட்டமான கோட்பாடெதனையும் விதிப்பதில்லை என்றும், கிறித்தவரோ பௌத்தரோ தம் மதத்தை விட்டு வரவேண்டியதில்லை என்றும் கூறுவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் முறை பொறியியலைப் போன்று நுட்பமானது, விதிப்படி செய்தால் விளைவு தவறாது என்பர். அதற்குச் சான்றாக ‘ஈ-மீற்றர்’ என்னும் கருவியைக் காட்டுவர். உடலினூடு செல்லும் சிறு மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையின் மாற்றத்தைக் காட்டும் கருவி அது. 1963இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தினர் வாஷிங்டனில் இக்கருவிகளைக் கைப்பற்றினர். நோய்நீக்கும் ஆற்றல் இதற்கில்லை என்ற அறிவிப்புடனேயே இதனைப் பயன்படுத்தவேண்டுமென 1971இல் நீதிமன்றம் பணித்தது.

பௌத்தத்தோடு தம் நெறிக்கு உறவுண்டு என்பதும் ஹபார்ட்டின் கூற்றே. 1974இல் நூலாக வந்த நெடும்பாடல் ஒன்றிலே, வரவிருக்கும் மைத்திரேய புத்தர் தாமே என்று கருத இடமளித்துள்ளார். இதனைப் பித்தென ஒதுக்கிவிடல் எளிது. எனினும், அமெரிக்கப் புனைகதையாசிரியர் ஒருவர் விஞ்ஞானத்துக்கு உறவாகக் கிறித்தவத்தை நாடாது பௌத்தத்தை நாடியது ஏன் என்ற வினா எஞ்சிநிற்கும். மேனாட்டார் அறிந்திருந்த ‘விஞ்ஞான பௌத்தம்’ எங்கிருந்து வந்தது என்பதே அதற்கு விடை.

1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் தலைமையில் பௌத்தரும் கிறித்தவரும் வாதிட்டனர். மேருமலை பூமியில் எங்குளது என்று கிறித்தவத் தரப்பு எள்ளியது. மிஷன் பள்ளிக்கூடத்துப் புவியியல் இங்கு ஆயுதமாகப் பயன்பட்டது. விஞ்ஞானத்தை எதிரியின் கையில் விட்டுவைக்க முடியாது என்பதைச் சிங்கள மத்தியதர வகுப்பினர் உணர்ந்த காலம் இது. அவ்வாதத்தின் அச்சிட்ட அறிக்கையைப் படித்துக் கவரப்பட்ட கேணல் ஒல்கொட், பிளவற்ஸ்கி அம்மையாரோடு 1880 மே மாதம் காலியில் வந்திறங்கி, 25ஆம் நாள் பஞ்சசீலம் ஏற்றார். இவ்விருவரும் 1875இல் நியூயோர்க்கில் அமைத்த பிரம்மஞான சங்கமும் தன்னை மதமென்று கூறிக்கொண்டதில்லை.

1881இல் ஒல்கொட் வெளியிட்ட ‘பௌத்த வினாவிடை’ கிறித்தவ வினாவிடையின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. மதம் என்ற சொல் பௌத்தத்துக்குப் பொருந்தாது, அது ஒழுக்கத் தத்துவமே என்று அந்நூல் கூறும். பிந்திய பதிப்புகளில் பௌத்தமும் விஞ்ஞானமும் என ஒரு பகுதியே சேர்ந்தது. புத்தரின் திருமேனியைச் சூழ்ந்த ஒளிக்கு, மனித உடலின் ஒளியைப் படம்பிடித்ததாகக் கூறிய ஐரோப்பியரின் ஆய்வுகள் அங்கே சான்றாகின்றன. ஈ-மீற்றரின் முன்னோடி இது என்றால் மிகையாகாது. அற்புதம் அற்புதமாகவே இருக்கும். அதற்குக் கருவியொன்று சாட்சி சொல்லும். இந்நூல் பௌத்தச் சிறுவர்க்கு ஏற்றதென்று சான்றளித்தவர் ஹிக்கடுவே சுமங்கல தேரர் (1827–1911). வித்தியோதய பிரிவெனாவை 1873இல் நிறுவிய இப்பேரறிஞர், 1866இலேயே சிவனொளிபாத மலையின் தலைமைத் தேரராகத் தெரிவானவர். ஆதாமின் பாதமென்று முஸ்லிம்களும், சிவனின் பாதமென்று சைவரும், புத்தரின் பாதமென்று பௌத்தரும் ஏறும் மலையின் தலைவரே, நம்பிக்கை வேண்டா நெறியின் பாடநூலுக்குச் சான்றளித்தார். இதனை முரண் என்று நகைப்பதைவிட, பழைய நிலமானிய அதிகாரமும் புதிய மத்தியதர வகுப்பும் கைகோத்த இடம் என்று கொள்வதே வரலாற்று நோக்காகும். அநகாரிக தர்மபாலர் 1893இல் சிக்காகோ சர்வமத மாநாட்டிற்கு எடுத்துச்சென்றது இந்தப் பௌத்தத்தையே.

இக்கருத்தோட்டத்துக்குத் தமிழர் பங்கும் உண்டு. நம் ஆய்வாளர் இதனை உரிய அளவு கவனித்ததில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒல்கொட்டின் துணையோடு கொழும்புக்கு வந்து, அதே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். சென்னையிலே விஞ்ஞானப் பேராசிரியராயிருந்த இலட்சுமிநரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ நவீன அறிவோடு முரணாத பௌத்தத்தை நாடியது. பின்னாளிற் பொதுவுடைமை இயக்க முன்னோடியான சிங்காரவேலரும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவரே. கொழும்பில் மத்தியதர வகுப்பின் தன்மானமாக இருந்த ‘விஞ்ஞான மதம்’ சென்னையிலே சாதியொழிப்பின் கருவியாயிற்று. ஒரே தேரரிடம் பெற்ற ஒரே சீலம் இருவேறு வர்க்க நிலைகளில் இருவேறு பணிகளைச் செய்தது. கருத்துநிலையின் பொருள் அதன் சொற்களில் இல்லை, அதனைக் கையாளும் வர்க்கத்திடமே உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது. அம்பேத்கர் 1950 மே மாதம் உலக பௌத்தர் பேரவையின் தொடக்க மாநாட்டுக்கு இலங்கை வந்தார். டயனெற்றிக்ஸ் வெளிவந்த மாதமும் அதுவே. 1956இல் நாகபுரியில் பௌத்தமேற்ற அவர், மறைவிற்குப்பின் 1957இல் வெளியான நூலிலே, மதம் வேறு, தம்மம் வேறு என்று விரிவாகவே வாதிட்டார்.

அயோத்திதாசர் யாருக்காகக் கொழும்பு வந்தாரோ அம்மக்களின் உறவினர் பல்லாயிரவர் அப்போதே இலங்கைத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிவந்தோருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினரே. எனினும் சென்னையின் தமிழ்ப் பௌத்தம் இரத்தினபுரி, கேகாலை லயங்களில் வேரூன்றவில்லை. இங்குப் பௌத்தம் என்பது அடுத்த கிராமத்துச் சிங்கள மக்களின் மதம். அதன் புதிய குரலோ வந்தேறிகளுக்கு எதிரான குரலாக மாறிக்கொண்டிருந்தது. தர்மபாலரின் பிற்கால எழுத்துகளைப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர்.

தோட்டத்து மக்களின் சமயம் எத்தகையது? மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் கடல் கடந்து வந்தனர். அவர்களோடு, தமிழகம் அறியாத தெய்வங்களும் இங்கே பிறந்தன. தேயிலைச் செடியை வெட்டும் காலத்துக் கும்பிடும் கவ்வாத்துச்சாமியும், தொழிற்சாலைச் சக்கரத்துக்குரிய ரோதைமுனியும் அவ்வாறு பிறந்தனவே. கத்தி காலிற் படாமலும் கை இயந்திரத்திற் சிக்காமலும் இருக்கவே இவற்றுக்குப் பூசை நிகழ்கிறது. உழைப்பின் ஆபத்து நேரே தெய்வமாகியுள்ளது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில், அகழ்வு தொடங்குமுன் சிங்களத் தொழிலாளர் சமன் தெய்வத்துக்குப் பூசை இடுவதும் இவ்வகைத்தே. இவர்களுள் எவரும் தம் தெய்வம் ஏனையவற்றினின்றும் வேறுபட்டது என்று வாதிடுவதில்லை. வாதிடும் தேவை அவர்க்கில்லை. தெய்வம் அவர்கட்கு அடையாளச் சின்னமாகவோ விற்பனைப் பண்டமாகவோ இருந்ததில்லை. பகுத்தறிவு நோக்கிலே ரோதைமுனியும் ஈ-மீற்றரும் ஒன்றே என்று கூறுவாருளர். அக்கூற்றுச் சரியன்று. ரோதைமுனிக்கு ஒரு கோழியும் தேங்காயும் போதும். பலன் கிட்டாவிட்டால் அடுத்த படிக்கு மேலும் பணம் கட்டு என்று பூசாரி கேட்பதில்லை.

சயன்ரோலொஜியின் தனித்தன்மை உண்மையில் இவ்விடத்தேதான் உளது. அதன் அடியார் கூறும் வேறுபாடுகள் எல்லாம் பௌத்த நவீனவாதிகள் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கூறியவை. அவர்கள் கூறாத வேறுபாடு, அறிவு இங்கே படிப்படியாக விலையிடப்பட்டு விற்கப்படுகிறது என்பது. ஒல்கொட்டின் வினாவிடையை எந்தச் சிறுவனும் பாடசாலையிற் படிக்கலாம். ஹபார்ட்டின் மேல்நிலைப் பாடங்களோ மறைவானவை. கீழ்நிலைகளைக் கட்டணம் செலுத்திக் கடந்தோர்க்கே திறக்கப்படுபவை. யாவரும் சோதித்துப் பார்க்கலாம் என்னும் விஞ்ஞானத்தின் அடிப்படை விதி, யாவரும் காணமுடியாத ஏடுகளுக்கு எங்ஙனம் பொருந்தும்? வீடுபேறு முற்றாகப் பண்டமாகிய நிலை இது. கிறித்தவத்தின் பாவமன்னிப்புச் சீட்டு இதற்கு முன்னுதாரணமெனினும், சீட்டு விற்றோர் தாம் விற்றதை விஞ்ஞானம் என்று கூறவில்லை.

இருதரப்பாரிடத்தும் காணப்படும் மற்றோர் இயல்பு எமக்கு அதிக முக்கியமானது. ஆதாரம் கேட்கும்போது மதமாவதும், மூடநம்பிக்கை என்று கூறும்போது விஞ்ஞானமாவதுமே அவ்வியல்பு. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம் 1965இல் சயன்ரோலொஜியைத் தடைசெய்தது. 1983இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனை மதமெனத் தீர்ப்பளித்தது. வழக்கின் பொருள் ஆன்மாவன்று, ஊழியர் சம்பளத்தின் மீதான வரி. ஐக்கிய அமெரிக்க வரித்திணைக்களம் 1993இல் வரிவிலக்களித்தது. பிரான்சிலோ 2009இல் அந்நிறுவனம் மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றது. இலங்கையில் நிகழ்ந்தது வேறு அளவினது. ‘மதமன்று, தத்துவம்’ என்று 1881இல் சிறுவர்க்குக் கற்பித்த நெறிக்கு 1972 அரசியலமைப்பு முதன்மை இடமளித்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதனைத் தொடர்ந்தது. 1972 அரசியலமைப்பை வகுத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1935இல் நிறுவப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். விஞ்ஞான சோஷலிசம் பேசியோரின் கையாலேயே இது நிகழ்ந்தது என்பதை இடதுசாரி வரலாற்றாசிரியர் இனியும் அடிக்குறிப்பிலே ஒளித்துவைத்தல் தகாது.

அக்காலத்தே தோட்டத் தொழிலாளர் பெரும்பாலார் நாடற்றோராயிருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகக் கணக்கிட்டுப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இடையிலே, 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்தின் கடைகளும் தோட்டத்து லயங்களும் தாக்கப்பட்டன. தாக்கியோரும் தாக்கப்பட்டோரும் வெவ்வேறு பருவ நாட்களில் அதே மலையில், அதே பாதத்தை வணங்க ஏறியவர்களே.