அடிமனை பொது, வீடு சொந்தம்

ஐம்பது ஆண்டு நிறைவை நாம் பொன்விழா என்கிறோம். வேதாகமம் அதை யூபிலி என்கிறது. கொம்பு ஊதி அறிவிக்கப்பட்ட அந்த ஐம்பதாம் ஆண்டில் இஸ்ராயேலர் கொடியேற்றிச் சப்பரம் இழுக்கவில்லை. விற்கப்பட்ட நிலம் விற்றவன் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும், கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்ப வேண்டும் என்பதே லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் விதித்த யூபிலி. நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் குடியிருக்க வந்தவர்களே, ஆகவே அதை என்றென்றைக்குமாக விற்றுவிட ஒருவருக்கும் உரிமை இல்லை என்பது அச்சட்டத்தின் அடிப்படை. அடுத்த யூபிலி வரை எத்தனை விளைச்சல் மீதி உண்டோ, அத்தனைக்கே விலை பேசப்பட்டது. விற்பனை என்று பெயர். உண்மையில் அது குத்தகையே. மதில் சூழ்ந்த நகரத்து வீடுகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அவை வாங்கியவனுக்கே நிலைத்துவிடும். பட்டணத்து வீட்டுப் பிரச்சினை மோயீசன் காலத்திலேயே தனிப் பிரச்சினையாக இருந்தது போலும்!

இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில் எழுந்த கதையைப் பிறர் எழுதுகிறார்களே, நாம் வீட்டின் கதையை எழுதுவோம் என்று எண்ணினோம். காரணம் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கச் செல்லும்போது காதில் விழும் முறையீடுகளில் வாடகைக்கும் முன்பணத்துக்கும்தான் முதலிடம். நம் கோயிலில் ஓலை வாசித்து மணமுடித்த தம்பதியர் பலர் இன்று நம் பங்கில் இல்லை. மனை விலை அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டது. ஞாயிறு பூசைக்கு இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களை நாம் அறிவோம்.

ஏழைக்கு எட்டாதது வீடு அல்ல, மனைதான். செங்கல்லும் சிமெண்டும் எவ்வளவு விலை ஏறினாலும் அவற்றைச் செய்து தர ஆள் உண்டு. நிலத்தைச் செய்து தருவார் இல்லை. பக்கத்தில் ஒரு பேருந்து நிலையமோ பள்ளிக்கூடமோ வந்துவிட்டால், உரியவர் ஒரு துரும்பையும் அசைக்காமலே மனையின் விலை ஏறிவிடுகிறது. அப்படியானால் அடிமனையை ஒரு பொது அமைப்பின் கையில் வைத்துவிட்டு, மேலே நிற்கும் கட்டடத்தை மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமாக்கினால் என்ன?

இந்த ஏற்பாட்டில் ஒரு பாதி நமக்குப் பழக்கமானதே. கோயில் நிலத்தில் மனை வாடகை செலுத்திக்கொண்டு, தம் செலவில் வீடு கட்டி வாழ்வோர் தமிழ்நாட்டில் ஏராளம். அத்தகையவர்களை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றிவிட முடியாதபடி சென்னையில் 1921-லேயே நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அங்கே நிலத்துக்கு உரியவர் ஒருபுறம், குடியிருப்பவர் மறுபுறம். வாடகை உயர்வு, பாக்கி, நீதிமன்றம் என்று இருவரும் எதிரெதிரே நிற்பதுதான் வழக்கம். குடியிருப்பவர்களே அந்த நிலத்தை ஆளும் சபையிலும் உட்கார்ந்தால்? அவ்வமைப்புக்குத்தான் சமுதாய நில அறக்கட்டளை என்று பெயர்.

அது உருப்பெற்றது அமெரிக்காவில். எனினும் அதன் வித்துகளில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 1951 ஏப்ரல் 18-ஆம் நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில் நிலமற்ற அரிசன மக்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஆனால் தானமாகப் பெற்ற துண்டு நிலத்துக்கு ஏரும் இல்லை, விதையும் இல்லை. கடன் கொடுத்தவன் கைக்கு அது மீண்டும் போய்விடும் அபாயத்தைத் தொண்டர்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆகவே, நிலத்தின் உரிமையைத் தனியாருக்குக் கொடாமல் கிராம சபைக்கே எழுதி வைத்து, உழும் உரிமையை மட்டும் குடும்பங்களுக்கு விடுவது என்ற கிராமதானம் தோன்றியது. உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் 1952-இல் வழிகாட்டியது. 1956-57-இல் வினோபா தமிழ்நாட்டில் நடந்தபோது ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அப்பணியில் தோள் கொடுத்தார்கள். மதுரை மாவட்டத்தில் பல ஊர்கள் கிராமதானம் அறிவித்தன. பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

காகிதத்தில் நின்ற அதைக் கடலுக்கு அப்பால் படித்தவர்கள் இருந்தார்கள். இந்தியாவில் சில ஆண்டுகள் தங்கியிருந்த ரால்ஃப் போர்சோதி என்ற அறிஞரும், போரில் சேர மறுத்துச் சிறை சென்றவரும் வீடு கட்டும் தொழில் தெரிந்தவருமான ராபர்ட் ஸ்வானும் 1967-இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கருப்பின உழவர்களுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததைக் குற்றமாகக் கொண்டு, வெள்ளைக்கார நிலக்கிழார்கள் தங்கள் குத்தகைக் குடிகளை வீட்டைவிட்டு விரட்டினார்கள். வாக்கு உண்டு, நிற்க இடம் இல்லை! ஆல்பனி நகரத்து உரிமைப் போராட்டத்தில் முன்னின்ற ஸ்லேட்டர் கிங்கும் சார்லஸ் ஷெரடும் இதற்கு வழி தேடினார்கள். 1968-இல் ஒரு சிறு குழு இஸ்ரேலுக்குச் சென்று, பொது நிதியத்தின் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று வாழும் கூட்டுக் குடியிருப்புகளைப் பார்த்து வந்தது. மறு ஆண்டு ஸ்லேட்டர் கிங் சாலை விபத்தில் இறந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. அதே 1969-இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பு பதிவாயிற்று. ஏறத்தாழ 5,700 ஏக்கர் அதன் கைக்கு வந்தது. அன்று அந்நாட்டில் கருப்பின மக்கள் வைத்திருந்த மிகப் பெரிய ஒற்றை நிலப்பரப்பு அதுவே என்பார்கள்.

அங்கே வீடுகள் எழும்பினவா என்றால், நினைத்தபடி இல்லை. நிலம் கடனில் வாங்கியது. மத்திய அரசிலிருந்து வரவேண்டிய பெரும் உதவி மாநில ஆளுநரின் எதிர்ப்பால் வராமல் போயிற்று. அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போன்றவர். விளைந்ததெல்லாம் கடனுக்கே போயிற்று. பிறகு வறட்சி. அக்கம்பக்கத்து வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1985-இல் நிலம் கையைவிட்டுப் போயிற்று. இதன் முடிவைப் பிறகு சொல்வோம்.

நிலம் போனாலும் முறை நிலைத்தது. 1972-இல் ஸ்வானும் நண்பர்களும் அதை நூலாக எழுதி வெளியிட்டிருந்தார்கள். அதன் சாரம் எளியது. அறக்கட்டளை நிலத்தை வாங்கும். பிறகு ஒருபோதும் விற்காது. வீட்டை மட்டும் எளிய குடும்பத்துக்கு விற்று, அடிமனையை வழக்கமாக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடும். வீடு பிள்ளைகளுக்குப் போகும், விரும்பினால் விற்கலாம். ஆனால் முன்கூட்டியே ஒப்பிய கணக்கின்படி, அடுத்துவரும் எளிய குடும்பத்துக்கு எட்டும் விலையில்தான் விற்க வேண்டும். பிற்காலத்தில் படிந்த வழக்கப்படி ஆட்சிக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு அங்கே குடியிருப்போர், ஒரு பங்கு சுற்றுவட்டார மக்கள், ஒரு பங்கு பொதுநலம் நாடும் பிறர்.

வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரம் இதற்கு நல்ல சான்று. 1984-இல் நகராட்சியே 2,00,000 டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. பெர்னி சாண்டர்ஸ் அன்று நகர மேயர். இதை எதிர்க்க வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் ஒன்றுகூடப் புறப்பட்டது. அங்கே கணக்கு இப்படி: வாங்கும்போது 1,00,000 டாலர் மதிப்புள்ள வீடு விற்கும்போது 1,40,000 என்று மதிப்பிடப்பட்டால், ஏறிய 40,000-இல் கால் பங்காகிய 10,000 விற்பவருக்கு. அவர் போட்ட பணமும், வீட்டைச் சீர்படுத்தியதன் மதிப்பும் தனியே கிடைக்கும். மீதி முக்கால் பங்கு வீட்டோடு தங்கி, அடுத்து வருபவருக்கு விலையைக் குறைக்கிறது. இந்த அமைப்பு 2006-இல் மற்றொன்றோடு இணைந்து சாம்ப்ளேன் வீட்டு அறக்கட்டளை ஆயிற்று. 2008-இல் உலக வாழ்விட விருது பெற்றது.

முக்கால் பங்கை விட்டுக்கொடுப்பவன் ஏமாளி அல்லவா என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டை முதலீடாகப் பார்ப்பவருக்கு இம்முறை பொருந்தாது என்பதே நம் கருத்து. ஆனால் இந்த உதவி இல்லாமல் அவர் வீடே வாங்கியிருக்க முடியாது. வாடகைக்கு இருந்திருந்தால் அந்தக் கால் பங்கும் இல்லை. இன்னொன்றும் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் இடிந்து விழுந்தபோது, 2010 இறுதிக் கணக்கின்படி சாதாரணக் கடன்களில் நூற்றுக்கு 4.6 வீடுகள் பறிமுதல் நடவடிக்கையில் இருந்தன. அறக்கட்டளை வீடுகளில் நூற்றுக்கு அரைகூட இல்லை. தவணை தவறியவரை நேரில் போய்ப் பார்க்க அங்கே ஓர் ஆள் இருந்தார்.

பங்கு மக்களாகிய நமக்கு மிக நெருக்கமான கதை பாஸ்டன் நகரத்தினுடையது. அங்கே டட்லி தெருப் பகுதியில் கருப்பினத்தவரும், போர்த்துக்கீசு மொழித் தொடர்புள்ள கேப் வெர்தே தீவினரும், ஸ்பானிய மொழியினரும், வெள்ளையரும் கலந்து வாழ்ந்தார்கள். வங்கிகள் கடன் தர மறுத்தன. காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே வீடுகளைக் கொளுத்தியதும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,300 மனைகள் வெறுமையாய்க் கிடக்க, நகரின் குப்பையெல்லாம் அங்கே கொட்டப்பட்டது. 1985 பிப்ரவரியில், அப்பகுதியைச் சீர்படுத்த ஒரு தரும நிதியும் சில தொண்டு நிறுவனங்களும் தீட்டிய திட்டத்தை அறிவிக்கப் புனித பாட்ரிக் பங்குக் கோயிலில் மக்களைக் கூட்டினார்கள். திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் ஒரு தாய் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மேடையில் இருந்தவர்களிடம் பதில் இல்லை. அவர்களைப் பாராட்ட வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் திட்டத்தையே திருத்தினார்கள். ஆட்சிக் குழுவில் பெரும்பான்மை குடியிருப்போருக்கு என்று ஆயிற்று. கேள்வி கேட்ட சே மாடியூன் பின்னர் அச்சங்கத்தின் தலைவியானார்.

அவர்கள் முதலில் வீடு கட்டப் புறப்படவில்லை. 1986-இல் குப்பை கொட்டுவதைத் தடுத்தார்கள். அடுத்து, நாங்களே திட்டம் வரைகிறோம் என்று உட்கார்ந்தார்கள். வெறுமனைகள் துண்டு துண்டாகப் பலர் பெயரில் சிதறிக் கிடந்ததால், தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988-இல் நகராட்சி வழியாகப் பெற்றார்கள். அரசுக்கே உரிய அந்த அதிகாரம் ஒரு குடியிருப்போர் அமைப்பின் கைக்கு வந்தது அந்நாட்டில் அதுவே முதல் முறை. நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 1992-இல் 20 இலட்சம் டாலர் கடன் தந்தது. கோயிலில் கேட்ட கேள்விக்கும் முதல் வீடுகளுக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் ஊர் சங்கங்களில் எட்டு மாதம் பொறுமை காட்டுவோரே அரிது. இன்று அந்த அறக்கட்டளை நிலத்தில் 225 வீடுகளோடு தோட்டங்களும் திடலும் இருக்கின்றன. கொட்டிய குப்பைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பின்னாளில் அதே சங்கத்தை நடத்தினார்கள்.

ஜார்ஜியாவின் முடிவைச் சொல்வதாக வாக்களித்தோம். கருப்பின விவசாயிகளுக்குக் கடனில் இழைத்த பாகுபாட்டுக்காக அமெரிக்க விவசாயத் துறைமீது தொடுத்த பெரு வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்தது. அதன்கீழ் நியூ கம்யூனிட்டீஸ் கொடுத்த மனு முதலில் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டுக்குப் பின் 2009-இல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. சார்லஸ் ஷெரடுக்கும் அவர் மனைவி ஷெர்லிக்கும் முதுமை வந்துவிட்டிருந்தது. 2011-இல் அவர்கள் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த ஒரு பெருந்தனக்காரரின் தோட்டம் அது. பழைய நிலம் போய் இருபத்தாறு ஆண்டு கழித்து, அந்தத் தோட்டத்துப் பீக்கன் மரங்களின் காய்களை உதிர்த்துச் சேர்த்தவர்கள் அவர்களும் அவர்களுடைய தோழர்களும்தான். சார்லஸ் ஷெரட் 2022-இல் காலமானார்.