அம்மாவின் லிபிட் ரிப்போர்ட்டில் எண்கள் எகிறுகிறதா? உடற்பயிற்சி எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது?

உங்கள் அம்மாவுக்கோ, அத்தைக்கோ, மூத்த அக்காவுக்கோ 45 வயது தாண்டிவிட்டதா? அப்படியென்றால் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் ஒன்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 'லிபிட் ப்ரொஃபைல்' பக்கத்தில் இரண்டு மூன்று எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். "டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்திருக்கும். எவ்வளவு நேரம், என்ன வேகம், மாத்திரை தேவையா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இல்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது அவ்வளவு பரவலான பிரச்னையா?

ஆமாம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க 1.13 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி, 81.2% பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு வகைக் கோளாறு இருக்கிறது. ஆனால், மொத்த கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 24% பேர்தான். அதனால் 'டோட்டல் கொலஸ்ட்ரால் நார்மல்தானே' என்று ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட முடியாது. மற்ற வரிகளையும் பார்க்க வேண்டும்.

எந்த வரிகளைப் பார்ப்பது?

மூன்று போதும்.

• எல்.டி.எல்: ரத்தக்குழாய் சுவரில் படியும் கொழுப்பு. இதய மருத்துவர்களின் இந்திய அமைப்பு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைவானவர்களுக்கு இது 100 மி.கி-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்றவற்றால் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. ஆக, ஒரே எண் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஓகே, உங்கள் அம்மாவுக்கு ஓகே இல்லை என்று இருக்கலாம்.

• எச்.டி.எல்: பெண்களுக்கு 50-க்கு மேல் இருப்பது நல்லது. ஆண்களுக்கான அளவு 40. சில லேப் ரிப்போர்ட்களில் இருபாலருக்கும் ஒரே அளவு அச்சாகியிருக்கும், கவனியுங்கள்.

• ட்ரைகிளிசரைடு: 150-க்குக் கீழே இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணையம் பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த வயதில்?

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 46–47. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இருக்கும்வரை, ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்-ஐ கல்லீரல் நன்றாக இழுத்து அகற்றும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த வேலை மந்தமாகிறது. கூடவே இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, தசை குறைகிறது. 'சாப்பாட்டை மாத்தவே இல்லையே, எப்படி ஏறிச்சு?' என்று அம்மா கேட்டால் பதில் இதுதான். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல் ஏறும். அதனால் டி.எஸ்.எச் பரிசோதனை செய்தாச்சா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி உண்மையில் என்ன செய்கிறது?

தசை இயங்கும்போது, ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடை உடைக்கும் ஒரு நொதி தசையில் சுறுசுறுப்பாகிறது. உடைந்த கொழுப்பைத் தசை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

ட்ரைகிளிசரைடு நன்றாகக் குறையும். எச்.டி.எல் சில புள்ளிகள் ஏறும். ஆனால் எல்.டி.எல் கொஞ்சம்தான் இறங்கும். எல்.டி.எல் மிக அதிகமாக இருப்பவர் தினமும் நடந்தாலும் அந்த எண் இலக்குக்கு வராமல் போகலாம். அவருக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு நடைப்பயிற்சி மாற்று அல்ல. இரண்டும் வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று மாதம் நடக்கிறார்கள், மாத்திரையும் சாப்பிடுகிறார்கள், எண் நார்மலுக்கு வருகிறது. 'சரியாயிடுச்சு' என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் எல்.டி.எல் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. மாத்திரையால் தசைவலி வருவதாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

"வீட்டு வேலையே போதும்பா, தனியா எதுக்கு வாக்கிங்?"

நியாயமான கேள்வி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். களைப்பு உண்மையானது. ஆனால் சமைப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் பெரும்பாலும் இதயத்துடிப்பு போதுமான அளவு ஏறுவதில்லை. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, இந்த வேகத்தில் வாரம் குறைந்தது 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

12 வாரத் திட்டம்

• வாரம் 1–2: சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் மெதுநடை, நாளுக்கு இரண்டு முறை. மொட்டை மாடியே போதும்.

• வாரம் 3–6: வாரம் ஐந்து நாள், 20-லிருந்து 30 நிமிடம் வேகநடை. இரண்டு நாள் தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் 8–10 முறை, இரண்டு சுற்று.

• வாரம் 7–12: நடையை 30–40 நிமிடமாக்கி, நடுநடுவே ஒரு நிமிடம் வேகம் கூட்டுங்கள். தசைப் பயிற்சிக்கு தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைக் கையில் பிடிக்கலாம்.

மூட்டுவலி இருந்தால் சைக்கிளிங், நீச்சல், உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகள் உதவும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. 12 வாரம் முடிந்ததும் லிபிட் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எடை குறையாவிட்டாலும் ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கலாம்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இதய நோய் இருப்பவர்கள், ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுபவர்கள். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை சட்டெனக் குறையலாம். கையில் மிட்டாய் இருக்கட்டும். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சுவலியாக வருவதில்லை. மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரலாம். 'கேஸ் ட்ரபிள்' என்று தள்ளிப்போடாமல் 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வேறு ஊரில் வேலையில் இருந்தாலும் செய்ய முடியும். ஃபிட்னஸ் வாட்ச் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். தினமும் பேசும் போனை அம்மா நடக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 289 நிமிடத்தில் 30 நிமிடத்தை வீட்டில் யார் எடுத்துக்கொள்வது என்று அப்பாவிடமும் தம்பியிடமும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் எந்தத் திட்டமும் முதல் வாரத்தைத் தாண்டாது.