தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: 'மகிழ்ச்சி' தொகுப்பும் குழுவின் ஒலி மாற்றமும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் இதை உருவாக்கின. கானா, ராப், ராக் ஆகியவற்றைப் பறை, சட்டி, கட்ட மோளம் போன்ற தோற்கருவிகளோடு ஒரே மேடையில் நிறுத்தி, சாதிக்கு எதிரான பாடல்களை இக்குழு பாடியது. இதன் முதல் தொகுப்பான 'மகிழ்ச்சி' 2018இல் வெளிவந்தது. பங்க் ராக் குழு என்று இவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் பூச்சில்லாத ஒலி, நேரடியான சொல், மறைக்காத கோபம் என்று பங்க் ராக்கில் உலகம் கண்டவற்றைத் தமிழில் தேடுபவர் முதலில் வந்து சேரும் இடம் இதுதான்.

பெயரும் தோற்றமும்

குழுவின் பெயருக்கு வேர் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரிடம் (1845–1914) இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களை எந்தச் சாதியின் கீழும் எழுதக் கூடாது, சாதிபேதமற்றவர்கள் என்றே பதிய வேண்டும் என்று வாதிட்டவர் அவர். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி அந்த வாதத்தை வாரந்தோறும் எழுதினார். நூறாண்டு கழித்து அதே நகரத்தில் ஓர் இசைக்குழு அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் தன் பெயராக்கிக்கொண்டது.

இரஞ்சித்துக்குக் கானா புதிதல்ல. அவருடைய முதல் படமான 'அட்டகத்தி'யிலேயே (2012) சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடியிருந்தார். ஆனால் திரைப்படத்தில் கானா எப்போதும் ஒரு காட்சிக்குக் கட்டுப்பட்டது. கதாநாயகன் ஆட வேண்டும், அல்லது யாராவது சாக வேண்டும். அந்தத் தளையை அவிழ்த்து, பாடகர்களை அவர்களுடைய பெயரிலேயே மேடையேற்றுவது புதிய குழுவின் முதல் நோக்கம். குரல் தேர்வுக்கு வந்தவர்களில் 19 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, வடசென்னையின் இசைவாணி, முத்து, பாலச்சந்தர் போன்றோரோடு, மும்பை தாராவியின் டோப்அடெலிக்ஸ் ராப் குழுவினரும் இணைந்தனர். இசைவாணி குழுவின் ஒரே பெண். ஆண்களின் குரலாகவே அறியப்பட்ட கானாவில் அவர் நின்ற இடம் சிறியதல்ல. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

முதல் மேடை

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் குழு முதன்முதலாகப் பாடியது. மார்கழி மாதம், சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கும் பருவம். அந்தப் பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் திறந்த மைதானத்தில் திரண்டு கானா கேட்டதே ஓர் அறிவிப்பாக அமைந்தது.

மேடையில் அவர்கள் கோட்டு சூட்டோடு நின்றார்கள். லண்டனின் பங்க் இளைஞர்கள் சட்டையைக் கிழித்து ஊக்கு குத்திக்கொண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். நல்ல துணி உடுத்தியதற்காகவே அடி வாங்கிய சமூகங்களின் பிள்ளைகளுக்குக் கிழிந்த சட்டை எதிர்ப்பாகாது. அம்பேத்கர் அணிந்த கோட்டே எதிர்ப்பு. இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள அதன் பாடல்களுக்கு நிகராக இந்த உடையும் உதவும்.

கருவிகள்

வடசென்னைச் சாவு வீடுகளில் இரவு முழுதும் ஒலிப்பது கானா. இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி, உறவுகளைப் பெயர் சொல்லி அழைத்து, தத்துவமும் கேலியும் கலந்து விடியும்வரை பாடுவார்கள். அந்த வீட்டு வாசலில் அடிக்கப்படும் கருவிகளே குழுவின் மேடைக்கு வந்தன. சட்டி சிறியது. மெல்லிய குச்சிகளால் அடிக்கும்போது வெடுக்கென்று கூர்மையாகத் தெறிக்கும். கட்ட மோளம் அதற்கு அடியில் கனமாக இறங்கும். பறை இரண்டுக்கும் நடுவே பேசும்.

இவற்றை மின்கிட்டாரோடு சேர்ப்பது எளிதல்ல. தோல் குளிருக்குத் தொய்யும். பறையைத் தீயில் காய்ச்சித்தான் முறுக்கேற்ற வேண்டும், ஆறியதும் அதன் சுருதி மறுபடி இறங்கும். கிட்டாரோ சுருதியில் நிலைத்து நிற்பது. தாளத்திலும் சிக்கல் உண்டு. ராக் பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும், கானா மும்மூன்றாக உருளும். வழக்கமான கலவை இசையில் இந்த இடத்தில் நாட்டுக்கருவி பின்னுக்குப் போய், பாட்டின் தொடக்கத்தில் நான்கு நொடி ஒலித்துவிட்டு அடங்கிவிடும். டென்மா எதிர்த்திசையில் போனார். தாளத்தைத் தோற்கருவிகளிடம் விட்டுவிட்டு, கிட்டாரையும் டிரம்ஸையும் அவற்றுக்குப் பின்னால் நடக்கவைத்தார். குழுவின் ஒலி தனித்துக் கேட்பதற்கு இதுவே முதற்காரணம்.

மயானமும் மேளமும்

சாவோடு சேர்ந்த மேளம் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வரலாறு தமிழகம் முழுதும் உண்டு. ஆனால் அதே மேளம் வழிபாட்டின் நடுவே வீற்றிருக்கும் இடங்களும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அவற்றுள் முதன்மையானது. சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம் விடுபட்ட தலம் என்பது அதன் புராணம். மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்த நாள் நடக்கும் மயானக் கொள்ளையில் அம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள். தானியமும் காய்கறியும் குவித்துச் சூறைவிடுகிறார்கள். காளி வேடமிட்டவர்கள் ஆடிவர, பம்பையும் உடுக்கையும் சிலம்பும் முழங்குகின்றன. இங்கே பூசை செய்வோரும் மீனவரான செம்படவர் மரபினர்.

வடசென்னையின் அங்காளம்மன் கோயில்களிலும் மயானக் கொள்ளை நடக்கிறது. பம்பையின் இரட்டை முழக்கம் கேட்டு வளர்ந்த காதுக்குக் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் தாள வேகம் அந்நியமாகத் தோன்றாது. குழு நேரடியாகப் பம்பை மரபிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நிலப்பரப்பின் காதில் விழுபவை என்பது மட்டும் உறுதி.

'மகிழ்ச்சி' (2018)

தொகுப்பின் தலைப்பு, இரஞ்சித்தின் 'கபாலி' (2016) படத்தில் ரஜினிகாந்த் சொல்லி ஊரெங்கும் பரவிய சொல். துயரத்தையே பாட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் அந்தச் சொல்லைத் தொகுப்பின் நெற்றியில் எழுதினார்கள்.

குழுவின் அக்காலத்துப் பாடல்களில் 'ஜெய்பீம் ஆந்தம்' அம்பேத்கரின் வாழ்வைச் சொல்கிறது. 'கோட்டா' இடஒதுக்கீட்டைச் சலுகையென்று பேசுவோருக்குப் பதில் கொடுக்கிறது. 'வட சென்னை' நகரத்தைக் கட்டியவர்களின் பகுதியை, ரவுடிகளின் பகுதியென்று சினிமா வரைந்த படத்திலிருந்து மீட்கப் பார்க்கிறது. மாட்டுக்கறியைப் பற்றிய பாடலும் உண்டு.

மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனதில் குழு ஒன்றைப் பெற்றது, ஒன்றை இழந்தது. சொற்கள் தெளிவாகின. மைதானத்தில் மேளத்தில் மூழ்கிய ராப் வரிகள் பதிவில் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன, வாதம் விளங்குகிறது. ஆனால் பத்தொன்பது பேர் ஒன்றாக மூச்சுவிடும் நெரிசல் பதிவில் இல்லை. சட்டியின் கூர்மையைக் கலவை மேசை மழுக்கிவிட்டது. இக்குழுவை அறிய விரும்புபவர் தொகுப்பைக் கேட்பதோடு நில்லாமல் மேடைக் காணொளிகளையும் பார்ப்பதே முறை.

பங்க் ராக்குடன் ஒப்பு

1976ஐ ஒட்டி லண்டனில் எழுந்த பங்க் அலையில் தி கிளாஷ் குழுவின் பயணம் இங்கே பொருத்தமான ஒப்பு. 1977இல் வந்த முதல் தொகுப்பிலேயே அவர்கள் ஜமைக்காவின் ரெகே பாடல் ஒன்றைச் சேர்த்துப் பாடினார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தில் இசைத்தார்கள். 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' தொகுப்பில் ரெகே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் எல்லாம் கலந்தன. கோபம் குறையவில்லை, ஒலி அகன்றது.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிளாஷ் குடியேறிய கறுப்பின மக்களின் இசையைத் தேடிப் போய்க் கற்றது. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் தாளம் அதன் உறுப்பினர்களின் சொந்தத் தெருவில் பிறந்தது. வெளியிலிருந்து வந்தவை கிட்டாரும் ராப்பும்தான்.

பிந்தைய ஒலி

2018க்குப் பின் குழுவின் ஒலி ஒரு பாதையில் செல்லவில்லை, உறுப்பினர்கள் வழியே பல கிளைகளாகப் பிரிந்தது. அறிவு 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். அதில் கணினித் தாளமும் தனிக்குரலும் முன்னே வந்தன, கூட்டிசை விலகியது. 2021 மார்ச்சில் பாடகி தீயோடு அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவையும் ஒப்பாரியின் சாயலையும் உலகெங்கும் கொண்டுசென்றது. அதே ஆண்டு அந்தப் பாடலை ஒட்டி வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததை இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அறிவுக்குத் தனி இணைய அட்டை வெளியானது.

டென்மா திரைக்குச் சென்றார். அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகியவற்றுக்கு இசையமைத்தார். குழுவில் பழகிய முரட்டுத் தாளத்தோடு மென்மையான, அகம் சார்ந்த ஒலிகளும் இரண்டாவது படத்தில் சேர்ந்தன. நீலம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, கீழ்ப்பாக்கத்தில் ஒரு மாலை நடந்ததை ஆண்டுதோறும் பல கலைஞர்களுக்கான மேடையாக விரித்தது.

குழுவின் பழைய பாடல் ஒன்றும் பின்னாளில் பிரச்சினைக்குள்ளானது. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்ற 2018 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி இசைவாணி பாடிய ஐயப்பன் பாடல் மீது 2024 நவம்பரில், பல ஆண்டுகள் கழித்து, காவல் நிலையங்களில் புகார்கள் கொடுக்கப்பட்டன. இசைவாணிக்கு மிரட்டல்களும் வந்தன. பாடல் பெண்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றியது என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கமளித்து, அவருக்குத் துணை நின்றது.