பொன்னும் உப்பும் ஏடும்

ஒரு பேரரசின் வரலாற்றைப் படிக்குங்கால் நாம் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதன் செல்வம் எவ்வழியில் வந்தது என்பது ஒன்று. அது எவருடைய உழைப்பால் வந்தது என்பது மற்றொன்று. பாடநூல்கள் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் இடைக்காலத்தில் ஓங்கிய வணிகப் பேரரசுகளைக் கொண்டு இரண்டிற்கும் விடை காண்போம்.

சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கே பொன் கிடைத்தது. ஆனால் உப்பு அரிது. பாலைவனத்தின் நடுவிலோ உப்பு பாளம் பாளமாகக் கிடந்தது. இவ்விரு பொருள்களையும் ஒட்டகச் சாத்துகள் வாரக்கணக்கில் நடந்து பரிமாறின. அவ்வழிகளைக் காத்துச் சுங்கம் தண்டிய மன்னர்களே பேரரசர்கள் ஆயினர். கானா நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கழுதைப் பொதி உப்புக்கும் ஒரு பொன் தினாரும், வெளியே செல்லும் பொதிக்கு இரண்டு தினாரும் வரியாகப் பெறப்பட்டன என்று 1068இல் அல்பக்ரி என்னும் அறிஞர் எழுதினார்.

13ஆம் நூற்றாண்டில் கானாவின் இடத்தை மாலிப் பேரரசு பெற்றது. அதன் மன்னர் மன்சா மூசா 1324இல் மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்றபோது, வழியில் கெய்ரோ நகரில் பொன்னை வாரி வழங்கினார். அதனால் அந்நகரில் பொன்னின் விலையே வீழ்ந்தது. 1375இல் ஐரோப்பாவில் வரையப்பட்ட நிலப்படம் ஒன்றில், கையில் பொன்னுடன் வீற்றிருக்கும் அம்மன்னரைக் காணலாம்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1352இல் இபுன் பதூதா என்னும் பயணி தகாசா என்னும் உப்புச் சுரங்க ஊரில் தங்கினார். அங்கு வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. மரம் இல்லை, தண்ணீரும் உவர்ப்பு. அங்கு உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். உண்ணும் தானியமும் பேரீச்சையும் தொலைவிலிருந்து வந்தால்தான் அவர்களுக்கு உணவு. மன்சா மூசாவின் பெயரை உலகம் அறியும். தகாசாவில் உப்பு வெட்டியவருள் ஒருவரது பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

மூசாவுக்குப் பின் வாரிசுப் பூசல்களால் மாலி தளர்ந்தது. 1468இல் டிம்பக்டு நகரைச் சொங்காய் அரசு கைப்பற்றியது. 1482இல் போர்த்துகீசியர் கினியாக் கடற்கரையில் எல்மினாக் கோட்டையைக் கட்டவே, பொன்னில் ஒரு பகுதி கடல் வழியே செல்லலாயிற்று. 1591இல் துப்பாக்கியுடன் பாலைவனம் கடந்து வந்த மொராக்கோப் படையிடம் சொங்காயும் வீழ்ந்தது.

பொன் போயிற்று, ஆனால் டிம்பக்டுவின் கல்வி அதனோடு அழியவில்லை. மொராக்கோ மன்னரின் ஆணையால் அந்நகர அறிஞர்கள் சிறைப்பிடிக்கப்பட்டு மராக்கேசுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அகமது பாபா, தாம் இழந்த நூல்கள் 1,600 என்றும், தம் உறவினரின் நூலகங்களுள் தமதே சிறியது என்றும் கூறினார். ஊர் திரும்பிய பின், ஒருவரது நிறம் அவரை அடிமையாக்கக் காரணம் ஆகாது என வாதிட்டு எழுதினார். அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. எனினும் பிறப்பைக் கொண்டு மனிதனை இழிவுபடுத்தும் வாதத்தை அவர் ஏட்டிலே மறுத்தார்.

2012இல் ஆயுதக் குழுக்கள் டிம்பக்டுவைப் பிடித்தபோது, அந்நகரத்தார் பழைய கையெழுத்துச் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டிகளிலும் படகுகளிலுமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். ஆப்பிரிக்கருக்கு எழுதப்பட்ட வரலாறே இல்லை என்று பேசியவர்களுக்கு அச்சுவடிகளே விடையாக நிற்கின்றன.

இளைஞர்களே! நம் முன்னோர் ஏரிக்கரை கட்டினர், மடை திறந்தனர், களத்தில் நெல் குவித்தனர். எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டமையால், தகாசாவின் உழைப்பாளரைப் போலவே அவர்கள் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் நடத்திவரும் கல்விப்பணியின் பயன் உத்தியோகம் மட்டும் அன்று. எழுதும் ஆற்றலை நீங்கள் பெற்றிருக்கிறீர்கள். உங்கள் தெருவின் முதியோரிடம் அமர்ந்து, அவர்களது பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத ஓர் ஏடு நம்மை விட்டுப் போகின்றது. ஆதலின் இப்பணியை இன்றே தொடங்குதல் நலம்.