அடைக்கோழி

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, கூட்டைவிட்டு எழாமல் அடைகாக்க முனையும் பெட்டைக்கோழி. கிட்டே போனால் சிறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுவதே காரணம். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையினங்களில் இக்குணம் பெரும்பாலும் அற்றுவிட்டது. சிறுவிடை முதலிய நாட்டுக்கோழிகளில் வலுவாக உண்டு.

குஞ்சு வேண்டுமெனில், மணல் பரப்பிய கூடையில் 10 முதல் 12 முட்டைகள் வைப்பர். இடிக்கு அஞ்சி இரும்புத்துண்டும் கரியும் போடுவது நம்பிக்கை சார்ந்தது. 7ஆம் நாள் இருட்டில் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டைகளை நீக்கலாம். 21ஆம் நாளையொட்டிக் குஞ்சு பொரியும்.

அடையைத் தெளிவிக்க மூக்கில் இறகு செருகுவதும் நீரில் முக்குவதும் வீண் வதை. அடிவயிற்றில் காற்றுப்படும்படி, கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் தீனி, தண்ணீருடன் சில நாள் விட்டால் போதும். தொடக்கத்திலேயே செய்தால் விரைவில் தெளியும்.