சீருடையும் சம ஆசனமும்

ஒவ்வோர் ஆண்டும் முதலாந் தவணை ஆரம்பமாகும் வேளையில் பாடசாலை ஒழுக்க விதிகள் பற்றிய விவாதம் நம்மிடையே எழுவது வழக்கம். மாணவனின் தலைமுடி எவ்வளவு நீளத்தில் இருக்கலாம், மாணவியின் சீருடை முழங்காலுக்கு எவ்வளவு கீழே இறங்க வேண்டும், சப்பாத்து அணியாமல் வந்த பிள்ளையை வகுப்பில் அமர்த்தலாமா என்பன போன்ற கேள்விகளைத் தாங்கிய வாசகர் கடிதங்கள், நான் பத்திரிகையில் பணியாற்றிய காலம் முழுவதும் ஆசிரிய பீடத்துக்கு வந்துகொண்டே இருந்தன. கட்டுப்பாடு குலைந்துவிட்டது என வருந்தும் ஓய்வுபெற்ற அதிபர்களின் கடிதங்களும், கட்டுப்பாடு எல்லை மீறுகிறது என முறையிடும் பெற்றோரின் கடிதங்களும் அவற்றில் இருக்கும். இரு சாராருமே ஒன்றைத் தொட்டுச் சென்றதில்லை. நமது சமூகத்தில் உடைக்கு விதி வகுக்கும் வழக்கம் பாடசாலையில் பிறந்ததன்று. அது பாடசாலைக்கு வெளியே, பாடசாலைகள் தோன்றுவதற்கு முன்னரே, கொடுமையான வடிவில் நிலவிய ஒன்றாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்கள் எதை உடுக்கலாம், எப்படி உடுக்கலாம் என்பதை எழுதப்படாத சட்டம் ஒன்று வரையறுத்திருந்தது. ஆண்கள் தோளில் சால்வை இடக்கூடாது; வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக்கூடாது. பெண்கள் மேலங்கி அணிவதும் நகை பூணுவதும் குற்றமாகக் கருதப்பட்டன. ஒருவரை வீதியில் கண்ட மாத்திரத்திலேயே அவர் எந்தச் சாதியினர் என்பது தெரியவேண்டும் என்பதே இவ்விதிகளின் நோக்கம். மீறியோர் அடி உதைக்கு உள்ளாயினர். இத்தகைய சமூகத்தின் நடுவிலேயே நவீன பாடசாலைகள் எழுந்தன.

அமெரிக்க மிசனறிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் ஆரம்பிக்கப்பட்டன. பெண்பிள்ளையை எழுத்துப் படிக்க அனுப்புவதே அவமானம் எனக் கருதப்பட்ட காலம் அது. எனினும் மிசன் பாடசாலைகள் சாதியை உடனடியாக எதிர்த்து நிற்கவில்லை. மாணவரை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தினால் உணவு விடயத்திலும் இருக்கை விடயத்திலும் பல விட்டுக்கொடுப்புகளைச் செய்தன. சமயத்தை மாற்ற வந்தவர்களுக்கும் பந்தி முறையை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை.

மிசன் கல்விக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் எழுதிய பாலபாடங்கள் எழுத்தறிவோடு நல்லொழுக்கத்தையும் புகட்டின. அதிகாலையில் எழுதல், நீராடித் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்தல், திருநீறு அணிதல், பெரியோரைப் பணிதல், பொய் தவிர்த்தல் என விரியும் அந்த ஒழுக்கமே பிற்காலச் சைவப் பாடசாலைகளின் நடத்தை விதிகளுக்கு அடித்தளமாயிற்று. தமிழ்க் கல்விக்கு நாவலர் ஆற்றிய தொண்டு மறுக்க முடியாதது. ஆயினும் அக்காலத்து ஆசாரம் சாதி வரம்பையும் தன்னுள் கொண்டிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து வந்தாலும், வாசலைத் தாண்ட இயலாத பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கடலுக்கு அப்பால், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில், உடை விதியும் பள்ளிக்கூடமும் நேருக்கு நேர் மோதின. நாகர்கோயில் பகுதியில் லண்டன் மிசன் பள்ளிகளில் பயின்ற நாடார் சமூகப் பெண்பிள்ளைகள் குப்பாயம் எனப்படும் மேற்சட்டை அணியத் தொடங்கினர். தம் முன்னிலையில் மார்பை மறைக்கக்கூடாது என விதித்திருந்த மேற்சாதியினர் இதனைப் பெருங்குற்றமாகக் கொண்டனர். 1828, 1829 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கலவரங்களில் தேவாலயங்களோடு பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1829 இல் வெளியான அரச பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்த போதிலும், மேற்சாதிப் பெண்களைப் போன்று தோள்சீலை இடுவதைத் தடுத்தது. 1859 ஆம் ஆண்டு ஜூலை மாதப் பிரகடனமே இத்தடையைத் தளர்த்தியது. அப்போதும் மேற்சாதியினரைப் போன்றே உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. தோள்சீலைப் போராட்டம் என இன்று நாம் படிக்கும் வரலாற்றில், பள்ளி மாணவிகளின் சட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் மோதல் வாங்கின் மேல் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகள் சிலர் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். ஆனால் மற்றப் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்திருக்க, இவர்கள் நிலத்தில் இருக்க வேண்டும், அல்லது வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. தீண்டாமை ஒழிப்பைத் தனது நோக்கங்களுள் ஒன்றாக ஏற்ற அவ்வமைப்பு, மேலைத்தேய உடையைத் துறந்து தேசிய உடை அணிவதையும் வற்புறுத்தியது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவர்களது முயற்சியின் பயனே. கோட்டும் காற்சட்டையும் அணிந்த கற்றோர் வேட்டிக்கு மாறியதையும், சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் வலுப்பெற்றதையும் ஒரே காலத்தில் காண்கிறோம். உடையில் எளிமையை வேண்டியவர்களே இருக்கையில் சமத்துவத்தையும் வேண்டினர்.

அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற விதி 1929, 1930 ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு எதிராக மகஜர்கள் அனுப்பப்பட்டன. பெற்றோர் தம் பிள்ளைகளை மறித்துக்கொண்டனர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் பல தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியைத் தன் பெருமிதமாகக் கொண்ட சமூகம் ஒன்று, ஒரே வாங்கில் சக பிள்ளை அமர்வதைப் பொறுக்காமல் தன் பாடசாலைகளுக்கே தீ வைத்தது.

ஒடுக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. வடமராட்சியில் சூரன் என்ற பெருமகன் 1914 ஆம் ஆண்டிலேயே தேவரையாளியில் தம் சமூகப் பிள்ளைகளுக்கென ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடக்கியிருந்தார். மது, உயிர்ப்பலி ஆகியவற்றை அகற்றித் தூய ஒழுக்கத்தைப் போதித்தவர் அவர். நாவலர் மரபின் ஆசாரத்தையே, அந்த மரபு வெளியே நிறுத்திய பிள்ளைகளுக்கு அவர் உரிமையாக்கினார் எனலாம். மறுபுறத்தில், 1966 முதல் 'மல்லிகை' இதழை நடத்திய டொமினிக் ஜீவா, ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டி இழிவாகப் பேசியதனால் சிறு வயதிலேயே பாடசாலையை விட்டவர். ஜீவாவைப் போன்று எழுத்தாளராகும் வாய்ப்புப் பெறாமல் படலையோடு திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர்!

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதியின் பேரால் இடமறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1960 இன் இறுதியில் தொடங்கிய பாடசாலைச் சுவீகரிப்பு, பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தது. வாங்குகள் சட்டப்படி சமமாயின. ஆனால் வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் உடைகள் இன்னமும் சமமாக இருக்கவில்லை. தோய்த்துத் தோய்த்து நைந்த சட்டை, வீட்டின் நிலையை வகுப்பு முழுவதற்கும் அறிவித்தது.

இந்த இடைவெளியில்தான் வெள்ளைச் சீருடையின் அருமை விளங்குகிறது. எல்லோரும் ஒரே துணியை உடுக்கும்போது யார் எவர் வீட்டுப் பிள்ளை என்பதைச் சட்டை சொல்லாது. முன்னைய விதிகள் பிரித்துக் காட்டுவதற்காக வகுக்கப்பட்டவை. சீருடை அந்த அடையாளத்தை அழிப்பதற்காக வந்தது. ஆனால் அதனை வாங்கப் பணம் இல்லாவிடின் அதுவும் ஒரு தடையே. பிரேமதாசவின் ஆட்சியில், 1993 ஆம் ஆண்டு, மாணவர் அனைவருக்கும் இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் ஆரம்பமானது இக்குறையைப் பெரிதும் நீக்கியது. முஸ்லிம் மாணவியருக்குப் பர்தாத் துணியும், பிரிவெனாக்களில் பயிலும் இளம் பிக்குகளுக்குக் காவித் துணியும் இத்திட்டத்தில் அடங்கின. சமத்துவத்துக்காக ஒவ்வொருவரின் அடையாளத்தையும் பறிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அதன் பின்னர் தென்மராட்சியிலும் வன்னியிலும் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் வகுப்புகள் நடந்தன. உடுத்த உடையோடு வந்த பிள்ளையிடம் சீருடை எங்கே எனக் கேட்கும் நிலை அப்போது இருக்கவில்லை. விதி தளர்ந்தது; ஆனால் கல்வி நின்றுவிடவில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் துணி, சப்பாத்து, கொப்பி ஆகியவற்றின் விலைகள் பன்மடங்காக உயர்ந்தன. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் அன்பளிப்பாகவே நமது பிள்ளைகளுக்குக் கிடைத்தது. துணி இலவசமாக வந்தாலும் தைகூலியும் சப்பாத்தும் பெற்றோரின் தலையிலேயே விழுகின்றன. விளையாட்டுக்கு ஓர் உடை, இல்லத்துக்கு ஒரு நிறம், விழாவுக்கு ஒரு சேலை எனப் பெரிய பாடசாலைகள் அடுக்கிக்கொண்டே போகும் விதிகள் அச்சுமையை மேலும் கூட்டுகின்றன.

ஒழுக்கம் வேண்டாம் என்பது எனது வாதமன்று. நேரந் தவறாமை, தூய்மை, பணிவு ஆகியவற்றைப் பாடசாலை கற்பிக்காவிடின் வேறு யார் கற்பிப்பது? எனினும், வாசலில் நின்று சப்பாத்தைப் பார்த்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர், அதே வாசலில் முன்னொரு காலத்தில் வேறு எதைப் பார்த்துப் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அப்பிள்ளையை முதலில் வகுப்பில் அமர்த்திவிட்டு, சப்பாத்துக்கு என்ன வழி என்று பெற்றோரோடு பின்னர் பேசலாம். ஓர் ஆசனத்துக்காக இம்மண்ணில் பாடசாலைகள் எரிந்திருக்கின்றன. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஆசனம் ஒரு சோடிச் சப்பாத்துக்காக ஒரு நாளேனும் வெறுமையாக இருக்கலாகாது.